ஐந்நூறு டாலரும் ஆறு நாற்காலியும்

ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு என் போக்கர் சீட்டாட்டக் கணக்கில் எண்பத்தேழு டாலர் இருந்தது. ஆறு நாளைக்கு முன்னால் அதே இடத்தில் அறுநூற்று நாற்பது இருந்தது. திருடன் யாரும் வரவில்லை, கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. நானே தினமும் போய் உட்கார்ந்து, சிரித்துப் பேசிக்கொண்டே கொடுத்துவிட்டு வந்தேன்.

பணம் எனக்குப் பெரிதில்லை. இரண்டு கேஸ் ஸ்டேஷன், அதாவது பெட்ரோல் பங்க், சொந்தமாக வைத்து நடத்தியவன் நான். பெரிது என்னவென்றால், அந்த எண்பத்தேழும் காலியானால் நியூஜெர்சியில் பிஸ்கட்டவே ஊரில் உள்ள வீட்டை விற்றுவிட்டு, கலிபோர்னியாவில் சான் ஹோசேக்கு மகளிடம் குடிபோவதாக என் மனைவிக்குக் கைகொடுத்து ஒப்புக்கொண்டிருந்தேன். கைகொடுத்துவிட்டு மாறுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் நியூஜெர்சி தமிழ்ச் சங்கத்து மலரில் இந்த வருஷம் எல்லாரும் தங்கள் வேலை அனுபவத்தை எழுதுகிறார்கள். மருந்துக் கம்பெனிக்காரர் எழுதியிருக்கிறார், சாஃப்ட்வேர்காரர்கள் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். "அங்கிள், நீங்க கேஸ் ஸ்டேஷன் பத்தி எழுதுங்க" என்று என்னிடம் கேட்டார்கள். அதை எழுதினால் மலரில் வேறு யாருக்கும் இடம் இருக்காது. அதனால் ஸ்டேஷனை விற்ற பிறகு நான் பார்த்த வேலையை எழுதுகிறேன். சின்ன ஸ்டேக்கில், அதாவது சின்னப் பந்தயத்தில், ஆன்லைன் போக்கர். சிரிக்க வேண்டாம். நேரம் வைத்து, நோட்டுப் போட்டு, ஒழுங்காகச் செய்தால் அதுவும் வேலைதான்.

1. பம்ப்பில் நின்று படித்தது

நான் எட்டாம் வகுப்பு. எட்டு பாஸ் என்று சொல்லவில்லை. என் மனைவி ஸ்டெல்லா என் அத்தை மகள், நர்ஸ் படிப்பு படித்தவள். அவளுக்கு விசா வந்தது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் வந்தேன். விசா அவளுடையது, துணிச்சல் என்னுடையது. வந்த மூன்றாவது வாரம் பம்ப்பில் நின்றேன்.

நியூஜெர்சியில் வண்டி ஓட்டுகிறவர் தன் கையால் பெட்ரோல் போடக்கூடாது, அது சட்டம். அவர் ஜன்னலை இரண்டு இன்ச் இறக்கி, "டென் ரெகுலர், கேஷ்" என்பார். நாம் போட வேண்டும். பனியிலும் போட வேண்டும். என் முதலாளி துருக்கிக்காரர். முதல் நாள் நான் பம்ப்பின் நம்பர் ஓடுவதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து என் தொப்பியைத் தட்டி, "பம்ப் அதுபாட்டுக்கு ஓடும். நீ என்ன அதைப் பார்க்கிறாய்? வண்டியைப் பார், ஆளைப் பார்" என்றார்.

பார்த்தேன். ஏழு வருஷம் பார்த்தேன். பத்து டாலருக்குப் போடச் சொல்கிறவன் யார், டாங்கை நிரப்பச் சொல்லிவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருப்பவன் யார், மிச்சம் இருபது செண்டுக்குக் கையை நீட்டிக்கொண்டு இருப்பவன் யார் என்று வண்டி திரும்பும்போதே சொல்லுவேன். பிறகு சொந்தமாக ஸ்டேஷன் வாங்கப் போனபோது வக்கீல் பேப்பர் காட்டினார், ஏஜென்ட் கணக்குக் காட்டினார். நான் எதையும் படிக்கவில்லை. எதிரில் இருந்த டோனட் கடையில் மூன்று நாள் உட்கார்ந்து, எத்தனை வண்டி உள்ளே திரும்புகிறது, எந்தப் பக்கத்திலிருந்து திரும்புகிறது, எத்தனை பேர் காபி வாங்க இறங்குகிறார்கள் என்று எண்ணினேன். ஏஜென்ட் முதலில் காட்டிய இடத்தை விட்டுவிட்டு, அவர் காட்டாத இடத்தை வாங்கினேன். முதலில் காட்டிய இடம் இரண்டே வருஷத்தில் மூடப்பட்டது.

2. ஒப்பந்தம்

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டேஷன்களை விற்றேன். விற்றது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமையே மகள் ஜெனி சான் ஹோசேயிலிருந்து போன் பண்ணிவிட்டாள்.

"அப்பா, இனிமே அங்க என்ன இருக்கு? ஈதனுக்கு டேகேர் வெயிட்லிஸ்ட்ல கிடைக்கவே இல்ல. நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. ப்ளீஸ், சீரியஸா சொல்றேன்."

ஈதன் என் பேரன். அப்போது ஒன்றரை வயது.

"இங்க எனக்கு வேலை இருக்கு ஜெனி" என்றேன்.

"என்ன வேலை?"

வேலை வெறும் சாக்கு. உண்மைக் காரணம் வேறு. இங்கே கடைத்தெருவில் நடந்தால் நாலு பேர் "என்ன பாஸ்" என்று கூப்பிடுவார்கள். அங்கே போனால் நான் ஜெனியின் அப்பா. குழந்தையை வைத்து ஸ்ட்ரோலர் தள்ளுகிற ஒரு கிழவன்.

போக்கர் எனக்குப் புதிது இல்லை. ஸ்டேஷன் பின்னறையில் மெக்கானிக்குகளோடு பத்து வருஷம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆடியிருக்கிறேன். நம் மாநிலத்தில் ஆன்லைனில் ஆடுவதற்கு லைசன்ஸ் உண்டு என்று கேள்விப்பட்டதும் லேப்டாப்பைத் திறந்தேன். ஸ்டெல்லா பின்னால் வந்து நின்றாள்.

"இதுதான் உங்க வேலையா அத்தான்?"

"ஆமா."

"சர்ச்சுல தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?"

"சர்ச்சுக்கு லேப்டாப்பத் தூக்கிட்டா போகப் போறேன்?"

அவள் கத்தவில்லை. முப்பது வருஷம் ஐ.சி.யூவில் வேலை பார்த்தவள், கத்த மாட்டாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "சரி. ஒரே ஒரு தடவை ஐந்நூறு டாலர் போடுங்க. அது இருக்கிற வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன், ஜெனியையும் பேச விடமாட்டேன். அது காலியாச்சுன்னா மேல ஒரு செண்ட் போடக்கூடாது. வீட்ட விக்கிறோம், புள்ளகிட்ட போறோம். கைகொடுங்க."

கொடுத்தேன். ஐந்நூறு டாலரை நான் தோற்பதா என்று சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

3. உட்காருவதற்கு முன்

இப்போது தொழிலுக்கு வருகிறேன். இளைஞர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

போக்கரில் எல்லாரும் சீட்டு ஆடக் கற்றுக்கொள்கிறார்கள். யாரோடு ஆடுவது என்று கற்றுக்கொள்வதில்லை. நீங்கள் உலகத்திலேயே ஆறாவது பெரிய ஆட்டக்காரராக இருக்கலாம். உங்களைவிடப் பெரிய ஐந்து பேரோடு உட்கார்ந்தால் அந்த டேபிளில் நீங்கள்தான் கடைசி. நான் அப்படியே தலைகீழ். சுமாரான ஆட்டக்காரன், ஆனால் என்னைவிட மோசமானவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் நியூஜெர்சியிலேயே நான் நம்பர் ஒன்.

ஆப்பைத் திறந்ததும் டேபிள்களின் பட்டியல் வரும், அதற்கு லாபி என்று பெயர். பெரும்பாலான டேபிளில் ஆறு நாற்காலி. ஒவ்வொரு டேபிளுக்கும் எதிரே ஒரு சதவீதம் போட்டிருக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் முதல் மூன்று சீட்டைத் திறப்பதற்குள் எத்தனை பேர் பயந்து விலகாமல் பணம் கட்டியிருக்கிறார்கள் என்பதன் கணக்கு அது. பதினெட்டு, இருபது என்று இருந்தால் அங்கே எல்லாரும் கெட்டிக்காரர்கள், நல்ல சீட்டுக்குக் காத்திருக்கிறவர்கள். அங்கே எனக்கு என்ன வேலை? நாற்பது, நாற்பத்தைந்து என்று இருந்தால் அங்கே யாரோ பொழுதுபோக்க வந்திருக்கிறார்கள். அந்த டேபிளைத் திறந்து, உட்காராமல் இருபது நிமிஷம் வேடிக்கை பார்ப்பேன். டோனட் கடையில் உட்கார்ந்து பார்த்த மாதிரி.

என்ன பார்ப்பேன்? முதலில் ஒவ்வொருவர் முன்னாலும் எவ்வளவு பணம் இருக்கிறது என்று. இருபத்தைந்து டாலர் டேபிளில், அதாவது அதிகபட்சம் அவ்வளவு வைத்து ஆடுகிற டேபிளில், ஒருவர் முன்னால் சரியாக இருபத்தைந்து இருக்கிறது, ஐம்பது செண்ட் குறைந்தாலும் உடனே நிரப்பிவிடுகிறார் என்றால் அவர் தொழில்காரர். பதினேழு டாலர் முப்பது செண்டோடு உட்கார்ந்து அதைப் பற்றிக் கவலையே படாமல் ஆடுகிறவர் நம் ஆள். அடுத்தது, ஒருவர் ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்தில், ஒரே அளவு பந்தயம் கட்டுகிறார் என்றால் அவர் நாலு டேபிளில் ஒரே நேரத்தில் ஆடுகிறார் என்று அர்த்தம். தள்ளிப் போய்விட வேண்டும். ஒருவர் பந்தயத்தை ஏற்றாமல், விலகாமல், யார் எவ்வளவு கட்டினாலும் பின்னாலேயே கட்டிக்கொண்டு போகிறார் என்றால், டாங்கை நிரப்பச் சொல்லிவிட்டுப் போனில் பேசுகிறவர் அவர்தான்.

ஆள் கிடைத்தால் போதாது, நாற்காலியும் சரியாக இருக்க வேண்டும். ஆட்டம் இடப்பக்கமாகச் சுற்றும். தாராளமாகப் பணம் கட்டுகிறவரின் இடப்பக்கத்து நாற்காலிதான் நமக்கு நல்லது. அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் நம் முறை வரும். அந்த நாற்காலி இல்லையென்றால் வரிசையில் பேரைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பேன். எத்தனையோ நாள் ஒரு சீட்டுகூட ஆடாமல் லேப்டாப்பை மூடியிருக்கிறேன். அதுவும் நல்ல நாள்தான்.

என்னிடம் ஒரு நீல அட்டை நோட்டு உண்டு. எனக்கு இங்கிலீஷில் சரளமாக எழுத வராது என்பதால் ஆட்டக்காரர்களுக்கெல்லாம் தமிழில் பேர் வைத்தேன். "குடைக்காரர்", "மஞ்சள் கண்ணாடி", "ஞாயிற்றுக்கிழமை டாக்டர்." நம் மாநிலத்தில் சின்ன ஸ்டேக் ஆடுகிற கூட்டம் சிறியது, திரும்பத் திரும்ப அதே ஆட்கள் வருவார்கள். ஆறு மாதத்தில் பாதிப் பேருடைய குணம் என் நோட்டில் இருந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று விதி எழுதி வைத்தேன். ஒன்று, பார்க்காமல் உட்காராதே. இரண்டு, நாற்காலி சரியில்லை என்றால் காத்திரு. மூன்று, நல்ல ஆட்கள் எழுந்து போய்விட்டால், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் தோற்றுக்கொண்டிருந்தாலும், நீயும் எழுந்திரு.

ஐந்நூறு டாலர் எட்டு மாதத்தில் அறுநூற்று நாற்பது ஆனது. ஸ்டெல்லாவுக்குக் காட்டினேன். "சரி" என்றாள். அவ்வளவுதான்.

4. தமிழ் பேசிய டேபிள்

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம். என்னிடம் இரண்டு ராஜா, எதிராளி கடைசிச் சீட்டில் தற்செயலாக ஜெயித்துவிட்டான். டேபிளில் எழுதிப் பேசுவதற்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் இங்கிலீஷ் எழுத்தில் "அடப்பாவி" என்று தட்டினேன். வேறு யாருக்குப் புரியப் போகிறது?

உடனே பதில் வந்தது. "அண்ணா, தமிழா?"

என் இடப்பக்கத்து நாற்காலி. பேர் இட்லிகிங் என்று போட்டிருந்தது. அதுவரை ஏதோ கம்பெனிப் பேர் என்று நினைத்திருந்தேன்.

"ஆமா தம்பி. அறுபத்தி நாலு வயசு. அண்ணன் இல்ல."

"அய்யோ சாரி அங்கிள்! நான் கார்த்தி. ஜெர்சி சிட்டி. நீங்க?"

சொன்னேன். கேஸ் ஸ்டேஷன் என்றதும், "சொந்தமாவா அங்கிள்? எப்படி அங்கிள்?" என்றான். இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. துருக்கிக்காரர் கதை, டோனட் கடைக் கதை எல்லாம் தட்டினேன். எனக்கு ஒரு விரலால்தான் தட்டத் தெரியும். அவன் பொறுமையாகக் காத்திருந்து, "சூப்பர் அங்கிள்" என்று போட்டான்.

மறுநாள் வந்தபோது, "அங்கிள், நான் ஐம்பது டாலர் டேபிள்ல இருக்கேன். இங்க வாங்க, பேசிக்கிட்டே ஆடலாம்" என்றான். நான் அதுவரை ஆடியது இருபத்தைந்து டாலர் டேபிள். லாபியில் சதவீதத்தைப் பார்த்தேன், பத்தொன்பது. மற்ற நாலு பேரும் சரியாக ஐம்பது டாலரோடு உட்கார்ந்திருந்தார்கள். டோனட் கடை ஆசாமி எனக்குள் எழுந்து நின்று வேண்டாம் என்றான். ஆனால் நம்ம பையன் கூப்பிட்டுவிட்டான். போகாமல் இருந்தால் என்ன நினைப்பான்?

போய் உட்கார்ந்தேன். தோற்றேன். எழுந்திருக்கப் பார்த்தேன்.

"அதுக்குள்ளயா அங்கிள்? இன்னும் ஒரு ரவுண்டு. அந்த ரெண்டாவது ஸ்டேஷன் வாங்கின கதைய முடிக்கவே இல்லையே?"

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிப்பதற்கு முன்னால் எழுந்திருக்காத வளர்ப்பு எனக்கு. அவன் "இன்னும் ஒரு ரவுண்டு" என்பது "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று கேட்பது போலவே காதில் விழுந்தது. எப்படிக் கையை விரித்துத் தடுப்பது? கதை சொன்னேன், பணம் கட்டினேன். என் கையில் என்ன சீட்டு இருந்தது என்றுகூடச் சில சமயம் சரியாகப் பார்க்கவில்லை. சனிக்கிழமையிலிருந்து வியாழக்கிழமை வரை தினமும் அஞ்சு மணிக்கு அவன் கூப்பிட்டான், தினமும் போனேன். நோட்டை அந்த வாரம் திறக்கவே இல்லை.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு, கட்டிய ஐம்பதும் போனதும், "சரி தம்பி, முழங்கால் வலிக்குது" என்று பொய் சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தேன். டேபிளை மட்டும் திரையில் மூடவில்லை. அப்படியே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நிமிஷத்தில் எதிர் நாற்காலி காலியானது. அடுத்து அதன் பக்கத்து நாற்காலி. பிறகு கார்த்தி. மூன்றே நிமிஷத்தில் ஆறு நாற்காலியும் காலி. லாபியில் அந்த டேபிளே இல்லாமல் போய்விட்டது.

 இதை நான் எத்தனை தடவை செய்திருக்கிறேன்! குடைக்காரர் எழுந்து போனால் நானும் அடுத்த நிமிஷம் எழுந்து போவேன். மூன்றாவது விதி. அந்த டேபிளில் ஐந்து பேர் ஒரே ஒருவனுக்காக உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒருவன் நான். கார்த்தி என் இடப்பக்கத்து நாற்காலியை ஏன் ஒரு நாளும் மாற்றவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

அந்தப் பையன் ஒரு தப்பும் செய்யவில்லை. இதை அழுத்தமாக எழுதுகிறேன். சீட்டைக் காட்டவில்லை, யாரோடும் கூட்டுச் சேரவில்லை. நல்ல டேபிளாகப் பார்த்து உட்கார்ந்தான், அவ்வளவுதான். அவன் கண்டுபிடித்த நல்ல டேபிள் நான்.

5. எண்பத்தேழு

வியாழக்கிழமைதோறும் ஸ்டெல்லா எனக்கு பிரஷர் பார்ப்பாள். கையில் பட்டையைச் சுற்றி, மெஷினைப் பார்த்தாள். நூற்று அறுபத்தெட்டு.

"எவ்வளவு போச்சு அத்தான்?"

"என்ன போச்சு?"

"உப்பு குறைச்சுதான் போடுறேன். மாத்திரையும் போட்டாச்சு. அப்போ வேற என்ன? எவ்வளவு மிச்சம் இருக்கு, அதச் சொல்லுங்க."

"எண்பத்தேழு."

அவள் பட்டையைப் பிரித்து மடித்து வைத்தாள். இந்த இடத்தில் அவள் ஜெனிக்குப் போன் பண்ணியிருந்தால் நான் எதுவும் சொல்லியிருக்க முடியாது. அவள் பண்ணவில்லை.

"எண்பத்தேழு இருக்குல்ல? காலியாகலையே? இருக்கிற வரைக்கும் பேசமாட்டேன்னு சொன்னேன், பேசல" என்றாள். பிறகு எழுந்து போகும்போது, "ஆனா இதுக்கு மேல ஒரு செண்ட் கிடையாது, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் அஞ்சு மணிக்குக் கார்த்தி கூப்பிட்டான். நான் ஒரு விரலால் தட்டினேன். "தம்பி, நீ ரொம்ப நல்லா ஆடுறே. அதனால இனிமே உன்கூட உட்கார மாட்டேன்."

 பிறகு, "ஹாஹா. கண்டுபிடிச்சிட்டீங்களா அங்கிள்" என்று வந்தது. அதற்குப் பின்னால், "ஸ்டேஷன் கதை நிஜமாவே நல்லாருந்துச்சு" என்றும் வந்தது. நம்பினேன். கதை நல்ல கதைதானே.

இரண்டு ஸ்டேஷன் முதலாளி, இரண்டு செண்ட், அஞ்சு செண்ட் என்று பந்தயம் தொடங்குகிற டேபிளுக்கு இறங்கினேன். அங்கே உட்காருவதற்கு அஞ்சு டாலர் போதும். வெட்கமாக இருந்தது. முதல் வாரம் லேப்டாப்பை ஸ்டெல்லா பார்க்காத பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். ஆனால் பம்ப்பில் நின்றவனுக்கு மறுபடி பம்ப்பில் நிற்பது என்ன புதிதா? நோட்டைத் திறந்தேன். பேச்சுப் பெட்டியை அணைத்தேன். அதை அணைக்க ஒரு பொத்தான் இருக்கிறது என்பதே அன்றுதான் தெரியும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன். ஃபுட்பால் மாட்ச் நாள், கையில் பியரோடு ஆட வருகிறவர்கள் நிறைய. நாய்க்குட்டிப் படம் போட்ட ஒருவர் எந்தச் சீட்டையும் விடாமல் பணம் கட்டிக்கொண்டிருந்தார். சதவீதம் ஐம்பத்தி ரெண்டு. ஒரு நாற்காலி காலியாக இருந்தது, ஆனால் அது அவருக்கு வலப்பக்கம். பழைய நானாக இருந்தால் ஆசையில் குதித்திருப்பேன். நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். இடப்பக்கம் காலியானது, உட்கார்ந்தேன். ஒன்றேகால் மணி நேரத்தில் அஞ்சு டாலர் இருபத்தி மூன்று ஆனது. நாய்க்குட்டி எழுந்து போனார். அடுத்த சீட்டு வருவதற்குள் நானும் எழுந்தேன். என் முன்னால் இருந்த ஒருவர் என்னைக் கஞ்சன் என்று திட்டியிருக்கலாம். பேச்சுப் பெட்டிதான் அணைந்திருக்கிறதே.

இப்படியே அஞ்சு டாலர் டேபிளிலிருந்து பத்து டாலர் டேபிளுக்கு ஏறினேன். ஒன்பது மாதம் ஆனது. எண்பத்தேழு, ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஆனது. மேலே ஒரு செண்ட் போடவில்லை. இதை இங்கே படிக்கிற எந்த எம்.பி.ஏக்காரராவது செய்து காட்டட்டும்.

6. மூன்றாவது விதி

ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஆனது ஒரு சனிக்கிழமை. ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து ஸ்டெல்லாவிடம் காட்டினேன். அவள் பிரியாணிச் சட்டியை எடுக்க ஏணியில் ஏறியிருந்தாள். இறங்கி வந்து பார்த்தாள்.

"ஜெயிச்சிட்டீங்க அத்தான். ஒத்துக்கிறேன்" என்றாள். என் தலைமுடியைக்கூட ஒருமுறை கலைத்துவிட்டாள். பிறகு ஏணியில் ஏறி, எடுத்த பெரிய சட்டியை மறுபடி மேலே வைத்துவிட்டு, சின்னச் சட்டியோடு இறங்கினாள்.

"ஏன், அதுக்கென்ன?" என்றேன்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு அவ்வளவு பெரிய சட்டி?"

முன்பெல்லாம் ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் நாலு குடும்பம் சாப்பிடும். மேஜையில் முறை வைத்து உட்காருவோம். ஒரு குடும்பம் டல்லாஸில் பெரிய வீடு வாங்கிப் போனது. இன்னொருவர் மகனோடு நார்த் கரோலினா போனார். மூன்றாவது வீட்டுக்காரர்கள் அந்த வசந்தத்தில் வீட்டை விற்றார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் நான் டிரக்கில் சாமான் ஏற்ற உதவி செய்தேன். ஒன்றாகச் சேர்த்து எண்ணிப் பார்க்கவில்லை.

ஸ்டெல்லா கையைத் துடைத்துவிட்டு என் நீல நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டினாள். "இது என்ன, மூணாவது? வாசிங்க."

"உனக்கு வாசிக்கத் தெரியாதா?"

"நீங்க எழுதினது. நீங்களே வாசிங்க."

வாசித்தேன். நல்ல ஆட்கள் எழுந்து போய்விட்டால், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் தோற்றுக்கொண்டிருந்தாலும், நீயும் எழுந்திரு.

அவள் மேஜையைக் காட்டினாள். அதற்கும் ஆறு நாற்காலி. "யாரு அத்தான் இருக்கா இதுல?"

"அது சீட்டாட்டத்துக்கு எழுதினது ஸ்டெல்லா."

"அப்படின்னு அதுல எழுதலையே?"

 "என்ன பாஸ்" என்று கூப்பிடுகிற நாலு பேரை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒருவர் டல்லாஸ். ஒருவர் நார்த் கரோலினா. ஸ்டேஷனை வாங்கியவர் என்னை ஒருமுறை "சார், எவ்வளவுக்குப் போடணும்?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. எல்லாரும் எழுந்து போன டேபிளில், ஜெயித்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

"நான் தோத்ததால போகல. அத எல்லார்கிட்டயும் சொல்லணும்" என்றேன்.

"சர்ச்சுல சொல்லட்டுமா?" என்றாள்.

ஐந்நூற்றுப் பன்னிரண்டையும் வெளியே எடுத்தேன். கோடை முடிவதற்குள் வீட்டை விற்றோம். ஸ்டெல்லா தான் ஜெயித்ததாக ஜெனியிடம் சொல்லிக்கொள்கிறாள். ஜெயித்தது என் மூன்றாவது விதி. இந்த மலர் அவள் கைக்கும் போகும் என்பதால் இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இப்போது

கலிபோர்னியாவில் அந்த ஆப் திறக்காது. திறந்து பார்த்தேன். நீங்கள் இருக்கும் இடத்தில் அனுமதி இல்லை என்று வந்தது. ஆனால் இங்கே சீட்டு ஆடுவதற்கென்றே லைசன்ஸ் உள்ள கிளப்புகள் இருக்கின்றன. புதன்கிழமை ஒரு மணிக்கு ஸ்டெல்லா இறக்கி விடுவாள், நாலரைக்கு நான் வெளியே நிற்க வேண்டும். அஞ்சு மணிக்கு டேகேரிலிருந்து ஈதனைக் கூட்டிவருவது என் பொறுப்பு. லேட் ஆனால் நிமிஷத்துக்கு ஒரு டாலர் ஃபைன்.

முதல் நாள் போனபோது ஃப்ளோர் மேனேஜர், "சார், அந்த டேபிளில் இடம் இருக்கிறது" என்றார். "பார்த்துட்டு சொல்றேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, கம்பிக்கு வெளியே அரை மணி நேரம் நின்றேன். நிஜ டேபிளில் ஆளின் முகமும் தெரிகிறது. என்னைப் பொறுத்தவரை, பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிற மாதிரி.

போன புதன்கிழமை நல்ல டேபிள் கிடைத்தது. எனக்கு வலப்பக்கம் கௌபாய் தொப்பி போட்ட ஒருவர், எதையும் விடாமல் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடுகிற சிப் மலைபோல் இருந்தது. நாலு இருபத்தைந்துக்கு என் இடப்பக்கத்தில் இருந்த இளைஞர் என் பக்கம் குனிந்து, "அங்கிள், நீங்க தமிழா? போன்ல பேசினது கேட்டுச்சு" என்றார்.

"ஆமா தம்பி."

"எந்த ஊரு அங்கிள்? இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க? என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

கோவில்பட்டி என்று சொன்னேன். கேஸ் ஸ்டேஷன் கதை தொண்டை வரைக்கும் வந்தது. துருக்கிக்காரர் தொப்பியைத் தட்டிய இடம் நாக்கு நுனியில் நின்றது. நான் சிப்புகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு எழுந்தேன்.

"அதுக்குள்ளயா அங்கிள்? ஜெயிச்சிட்டு இருக்கீங்களே! இன்னும் ஒரு ரவுண்டு உட்காருங்க."

"பேரன் காத்திட்டிருப்பான் தம்பி" என்றேன். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு நடந்தேன். அஞ்சு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது டேகேர் வாசலில் நின்றேன். ஈதன் ஓடி வந்து, "தாத்தா, யூ ஆர் ஏர்லி!" என்றான்.